வீட்டில் அடிதடி பார்த்து வளரும் சின்னக் குழந்தைக்கு என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 3 முதல் 6 வயதுக் குழந்தைகளோடு தினமும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர், எல்.கே.ஜி. டீச்சர், அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதால் பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என யாராக இருந்தாலும் இதிலுள்ள பெரும்பகுதியைச் செய்யலாம். தனிப் படிப்பு தேவையில்லை. வரிசை மாறாமல் செய்வதுதான் தேவை.

முதலில் பாதுகாப்பு, அடுத்து நேர ஒழுங்கு, பிறகு உடம்பை அமைதிப்படுத்துவது, அதன் பிறகே பேச்சும் விளையாட்டும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் பேச்சில் தொடங்கிவிடுகிறார்கள். "நேத்து ராத்திரி வீட்ல என்னாச்சு கண்ணு?" என்று கேட்டதும் குழந்தை இறுகிப்போகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து சாயங்காலம் வருகிறது. "டீச்சர் கேட்டாங்க, நான் சொன்னேன்" என்று குழந்தை வீட்டில் சொல்லும், அன்று இரவு அம்மாவுக்கு இன்னொரு அடி விழும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு, அதைப் பூட்டி வைக்க ஒரு இடம். பெயர் எழுதாமல் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறியீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இது பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது. கிராமத்தில் ஒரு கைபேசியை நான்கு பேர் பார்ப்பார்கள்.

இந்த எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416. இவை தவிர உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்ட சமூக நல அலுவலகம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றின் எண்களை நேரில் கேட்டு எழுதி, ஒருமுறை அழைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் எண் தவறாக இருந்தால் ஒரு இரவே வீணாகும்.

கடைசியாக ஒரு ஆள் வேண்டும். குழந்தைக்கென்று மாறாத ஒரு பெரியவரை முடிவு செய்யுங்கள். நான்கு பேர் மாறி மாறிப் பரிவு காட்டுவதைவிட, ஒரே ஆள் தினமும் அதே முகத்தோடு நிற்பது குழந்தையை அதிகம் தாங்கும். இப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தும் தேறி வந்த பிள்ளைகளின் வாழ்க்கையில், நம்பகமான ஒரு பெரியவர் பெரும்பாலும் இருந்திருப்பார்.

2. இன்றைக்கு உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்த்தல்

குழந்தையைக் கேட்காதீர்கள். அம்மாவிடம், தனியாக, மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். எடை பார்க்கும் நாள், தடுப்பூசி நாள், சத்துமாவு வாங்க வரும் நாள் இதற்கு ஏற்றவை. அன்று அவர் வந்து போவது யார் கண்ணையும் உறுத்தாது.

கேட்க வேண்டியவை சில: கணவர் கழுத்தை நெரித்தாரா? அரிவாள், கட்டை எதையாவது எடுத்தாரா? கொன்றுவிடுவேன், நானும் செத்துப்போவேன் என்கிறாரா? வீட்டில் பூச்சி மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? இப்போது கர்ப்பமா? குழந்தையையும் அடித்தாரா? சமீபத்தில் அடி அதிகமாகியிருக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் பொறுத்துப் பார்க்க நேரமில்லை. கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடம் தெரியாவிட்டாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே வீக்கம் பிறகும் வரலாம்.

181க்கு அம்மாவின் கைபேசியிலிருந்து அழைக்காதீர்கள், அழைப்புப் பட்டியலில் எண் நிற்கும். உங்கள் கைபேசியிலிருந்து, அவர் சம்மதத்தோடு, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். கண்ணெதிரே அடி விழும்போது மட்டும் சம்மதத்துக்குக் காத்திராமல் 112.

கணவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்க நினைப்பது இயல்பு. செய்யாதீர்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினாலும் கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

3. இரண்டு வாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல்

"ராத்திரி தூங்கிட்டிருந்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று வீட்டில் சொல்வார்கள். ஒரே அறை, தகரக் கதவு, மண்சுவர். குழந்தை கேட்டிருக்கும். வாயால் சொல்லத் தெரியாததை உடம்பில் காட்டும்.

கவனிக்க வேண்டியவை: விட்டுப்போன படுக்கை ஈரம் திரும்ப வருவது, பேசிய குழந்தை பேச்சைக் குறைப்பது, விரல் சூப்புவது, அடிக்கடி வயிற்று வலி, பாத்திரம் விழும் சத்தத்துக்குத் துள்ளி எழுவது, வீட்டுக்குப் போகும் நேரத்தில் அடம், மற்ற பிள்ளைகளைக் கடிப்பது, ஆண் குரல் கேட்டால் மேசைக்கடியில் ஒளிவது. சத்தமே இல்லாமல், சொன்னதெல்லாம் கேட்டு, யாருக்கும் தொந்தரவு தராத "நல்ல பிள்ளை"யையும் குறித்துக்கொள்ளுங்கள். பல அங்கன்வாடிகளில் தவறவிடப்படுவது இந்தக் குழந்தைதான். அடங்கியிருந்தால் அடி நிற்கும் என்று அது முடிவு செய்திருக்கலாம்.

தேதியும் கிழமையும் எழுதுங்கள். வாரக் கூலி கைக்கு வரும் வீடுகளில் சனி இரவு மோசமாக இருந்தால் அது திங்கள் காலையில் உங்களிடம் தெரியும். அந்தத் தொடர்பு பிடிபட்டால் திங்கள் காலைக்குக் கூடுதல் கவனம் ஒதுக்கலாம்.

இவற்றில் பலவற்றுக்கு வேறு காரணமும் இருக்கும். சிறுநீர்த் தொற்று, குடற்புழு, காது கேளாமை எல்லாமே இதேபோல் தோன்றும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உடம்பில் தடம் இருந்தால் எந்த இடம், என்ன நிறம், எவ்வளவு பெரிது என்று எழுதுங்கள். துணியைக் கழற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். பாலியல் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் உங்களுக்கு வேறு வழியே இல்லை: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மேல் வழக்கு வராது. தெரிவிக்காமல் இருப்பதுதான் குற்றம்.

4. மாறாத நாள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அடிதடி உள்ள வீட்டில் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாது. குழந்தையின் உடம்பு எப்போதும் காவல் காத்துக்கொண்டே இருக்கும். காவல் காக்கும் பிள்ளைக்கு எழுத்தும் ஏறாது, சோறும் இறங்காது. நாளின் ஒவ்வொரு அடியும் முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தக் காவல் மெல்லத் தளரும்.

வாசலில் அதே ஆள், அதே வார்த்தை: "வா சாமி, உன் பாய் அங்க இருக்கு." பாய் எப்போதும் ஒரே இடத்தில், முதுகுக்குப் பின்னால் சுவரும் கண்ணுக்கு நேரே வாசலும் இருக்குமாறு. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே இருக்கும், நாம் அதைக் கவனச் சிதறல் என்று திட்டுவோம்.

சுவரில் ஐந்து படங்கள் வரைந்து ஒட்டுங்கள்: வருவது, பாட்டு, சோறு, தூக்கம், வீட்டுக்குப் போவது. ஒவ்வொன்றும் முடிந்ததும் குழந்தையே படத்தைத் தொட்டுவிட்டு வரட்டும். அடுத்த வேலைக்கு மாறும் ஐந்து நிமிடம் முன்பே சொல்லுங்கள்: "இன்னும் ஒரு பாட்டு, அப்புறம் கை கழுவலாம்." திடீரென்று கையைப் பிடித்து இழுப்பது, பின்னாலிருந்து தூக்குவது, கரண்டியால் தட்டிக் கூப்பிடுவது மூன்றையும் நிறுத்துங்கள்.

நீங்கள் விடுப்பு எடுக்கப்போகிறீர்கள் என்றால் முந்தைய நாளே சொல்லுங்கள். "நாளைக்கு நான் இல்ல. பெரியம்மா இருப்பாங்க. அதுக்கு அடுத்த நாள் வந்துடுவேன்." சொன்ன நாளில் வந்துவிடுங்கள். அம்மா மாங்கூழ் தொழிற்சாலைக்கோ செங்கல் சூளைக்கோ பருவ வேலைக்குப் போகும்போதும் இதே விதி. குழந்தை தூங்கும்போது நைசாகக் கிளம்பிப் போகும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. அழுகையைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கண்ணை மூடினால் ஆள் காணாமல் போவார் என்று கற்றுக்கொண்ட குழந்தை பிறகு தூங்கவே பயப்படும். அழுதாலும் சொல்லிவிட்டுப் போவதே மேல்.

5. உடம்பை அமைதிப்படுத்துதல்

பயத்தில் இருக்கும் குழந்தையிடம் அறிவுரை எடுபடாது. முதலில் மூச்சு, பிறகு வார்த்தை.

பயிற்சிகளில் மெழுகுவர்த்தியை ஊதச் சொல்லிக்கொடுப்பார்கள். விளக்கை வாயால் ஊதி அணைக்கக்கூடாது என்று வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது தயக்கம் தரும். நம் பக்கத்தில் ராகிக் களி போதும். "சுடச்சுடக் களி இருக்கு. வாசம் பிடி" என்று மூன்று எண்ணும் வரை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். "இப்போ ஊதி ஆத்து" என்று ஐந்து எண்ணும் வரை வெளியே விடச் சொல்லுங்கள். நான்கைந்து முறை போதும். வெளிமூச்சு நீளமாக இருந்தால்தான் நெஞ்சுப் படபடப்பு குறையும். குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும் வேளையில் தினமும் பழக்குங்கள். அழுகையின் நடுவில் முதன்முறையாகக் கற்றுக்கொடுத்தால் ஏறாது.

மூச்சுக்குள் வராத குழந்தைக்குக் கைவேலை கொடுங்கள்: தண்ணீரை ஒரு சொம்பிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, ராகியை முறத்தில் அளைவது, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுவது. கட்டிப்பிடிக்கும் முன் "மடியில வர்றியா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு கை தூரத்தில் உட்காருங்கள், அதே உயரத்தில். நின்றபடி குனிந்து பேசுவது அந்தக் குழந்தைக்கு அடிக்க வரும் ஆளின் நிழலாகத் தெரியும்.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். பயந்த நேரத்தில் பள்ளித் தமிழ் எட்டாது. பயப்படாதே என்பதற்குத் தெலுங்கில் "பயபடொத்து" என்றோ கன்னடத்தில் "ஹெதரபேடா" என்றோ அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை கற்றுவைத்துக்கொள்ளுங்கள்.

6. பேச்சு

குழந்தை தானாகச் சொன்னால் மட்டும் பேசுங்கள். துருவாதீர்கள். விசாரிப்பது வேறொருவர் வேலை, பலமுறை கேட்டால் பின்னாளில் வாக்குமூலமும் கெடும். குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதுங்கள், உங்கள் வார்த்தையாக மாற்றாமல்.

"அப்பா அம்மாவ அடிச்சாரு" என்று சொன்னால் நான்கு வாக்கியம் போதும்.

"என்கிட்ட சொன்னது நல்லது."
"பயமா இருந்திருக்கும்."
"நீ எதுவும் தப்பு பண்ணல. பெரியவங்க கோபத்துக்கு நீ காரணம் இல்ல."
"அம்மாவுக்கு உதவி பண்றதுக்குப் பெரியவங்க இருக்காங்க."

மூன்றாவது வாக்கியம் மிக முக்கியம். இந்த வயதில் உலகம் தன்னைச் சுற்றியே நடக்கிறது என்று குழந்தை நினைக்கும். நான் பாலைக் கொட்டினேன், அதனால்தான் அடி விழுந்தது என்று கணக்குப் போட்டிருக்கும். ஒருமுறை சொன்னால் அந்தக் கணக்கு அழியாது, சமயம் வரும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. "உங்கப்பன் ஒரு குடிகாரன்" என்று சொல்லாதீர்கள். அந்தக் குழந்தைக்கு அப்பா மேல் பாசமும் இருக்கும், பயமும் இருக்கும். அப்பாவைத் திட்டினால் பாசத்தைத் தப்பென்று எண்ணி மறைத்துக்கொள்ளும். "அடிக்கிறது தப்பு" என்று செயலைச் சொன்னால் போதும். "இனிமே அப்பா அடிக்கவே மாட்டாரு" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை, உடைந்தால் உங்கள் மேல் வைத்த நம்பிக்கையும் போகும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பதும் வேண்டாம். "உன்ன பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பது உண்மை. "நீ ஆம்பளப் புள்ள, அம்மாவ நீதான் பாத்துக்கணும்" என்று நாலு வயதுப் பையன் தலையில் ஏற்றும் பேச்சு நம் ஊரில் பாசமாகவே வருகிறது. அடுத்த சண்டையில் அவன் நடுவில் போய் நிற்பான்.

7. விளையாட்டு

தினமும் 15 நிமிடம், குழந்தை சொல்வதுபோல் விளையாடுங்கள். ஒரு கூடையில் களிமண், மரச்சொப்பு, ஆண், பெண், கிழவி, குழந்தை பொம்மைகள், ஒரு மாடு, ஒரு பஸ், ஒரு வீடு செய்ய அட்டைப்பெட்டி. பொம்மைக்குப் பெயர் வைக்காதீர்கள். "இது அப்பாவா?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். "ஓ, இவரு கத்துறாரு. குட்டிப் பாப்பா கட்டிலுக்கடியில போயிடுச்சு" என்று நடப்பதை மட்டும் சொல்லிவாருங்கள்.

பொம்மை பொம்மையை அடிக்கும். தடுக்க வேண்டாம், நடந்ததை வெளியே எடுத்துப் பார்க்கும் வழி அது. அதே அடி வாரக்கணக்கில் மாறாமல் திரும்பத் திரும்ப வந்து, முடிந்த பின்னும் குழந்தை கலங்கியே இருந்தால் சின்னதாக ஒரு வாசல் திறந்துவிடுங்கள்: "இப்போ யாரு வந்தா நல்லா இருக்கும்?" பெரும்பாலும் பாட்டி பொம்மை வரும், இல்லையென்றால் பஸ் வரும். அது போதும்.

நிஜப் பிள்ளையை அடித்தால் மட்டும் நிறுத்துங்கள். கையை மெதுவாகப் பிடித்து, "கோபம் வரலாம். அடிக்க விடமாட்டேன். களிமண்ண குத்து" என்று சொல்லுங்கள். பதிலுக்கு ஓர் அடி போட்டால், பெரிய கை உள்ளவர் அடிக்கலாம் என்பதைத்தான் அது மறுபடி கற்கும்.

8. அம்மாவை விட்டுவிட்டுக் குழந்தையைத் தேற்ற முடியாது

"இவ்வளவு நாள் ஏன் பொறுத்துக்கிட்ட?" என்று கேட்கும் நாளோடு அந்த அம்மா உங்களிடம் வருவதை நிறுத்துவார். அவர் கிளம்பாததற்குக் காரணங்கள் இருக்கும்: கையில் காசில்லை, பிறந்த வீட்டில் இன்னும் இரண்டு தங்கைகள், கிளம்பினால் கொல்வேன் என்ற மிரட்டல். கிளம்பும் காலமும் கிளம்பிய உடனே வரும் வாரங்களும் ஆபத்து மிகுந்தவை. அவசரப்படுத்தாதீர்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது சின்னது. தினமும் பத்து நிமிடம், கைபேசி இல்லாமல், குழந்தையோடு. தலை வாருவதோ பூ கட்டுவதோ எதுவாகவும் இருக்கலாம். சண்டை நடந்த மறுநாள் காலையில் ஒரு வார்த்தை: "நேத்து ராத்திரி சத்தம் கேட்டுச்சுல்ல. பயந்திருப்ப. அது உன்னால இல்ல." எதுவும் நடக்காததுபோல் இருந்தால் குழந்தை தன் காதையே சந்தேகப்படும்.

வலியில் அம்மாவும் குழந்தையை அடிப்பதுண்டு. குற்றம் சாட்டாமல், அடி எந்த நேரத்தில் விழுகிறது என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். சமையல் வேளை என்றால் அந்த அரை மணி குழந்தை பாட்டியிடம் இருக்கட்டும்.

9. ஓடிப்போக ஓர் இடம்

குழந்தைக்கு மூன்றே விஷயம்: நடுவில் போகாதே. பின்வாசல் வழியாகப் போ. பெரியம்மா வீட்டில் போய், "அம்மாவுக்கு உதவி வேணும்" என்று சொல். நான்கு வயதுக்குக் கீழே என்றால் இடம் மட்டும் போதும். அந்தப் பெரியம்மாவிடம் முன்பே பேசிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். பகலில் ஒளிந்துபிடி விளையாட்டாக நடந்து பழக்குங்கள். அடிப்பவர் கண்ணெதிரே போன் எடுக்கச் சொல்லித்தராதீர்கள்.

அம்மாவுக்கு ஒரு பை, வேறொருவர் வீட்டில்: ஆதார், குடும்ப அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள், மாத்திரை, ஒரு மாற்றுத்துணி, பஸ் செலவுக்குப் பணம், குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பழைய சேலைத் துண்டு. அசல்களை மொத்தமாக எடுத்தால் வீட்டில் தெரிந்துவிடும். அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கம் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்பதும் திட்டத்தில் சேர வேண்டும்.

10. சட்டத்தில் என்ன கிடைக்கும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. மாவட்டத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். நேரில் பார்த்தவர், அறிந்தவர் யாரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தால் வழக்கு வராது. பாதுகாப்பு அலுவலர் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்.

போலீஸ் வழக்கு போட்டால் வீடு உடையும் என்று பயப்படும் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: இந்தச் சட்டத்தில் கேட்பது பாதுகாப்பு உத்தரவு (பிரிவு 18), அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உத்தரவு (19), செலவுக்குப் பணம் (20), குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு (21). பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஓசூரில் கட்டிக்கொடுத்த பெண் அரூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தால் அரூரிலேயே மனு கொடுக்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். ஆகவே பிரிவு 23இன் கீழ் இடைக்கால உத்தரவை முதல் மனுவோடு கேட்கச் சொல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தங்க இடமில்லை என்றால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் குழந்தையோடு சில நாள் தங்கலாம்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் இன்னொன்றும் எதிர்ப்படலாம்: சில வீடுகளில் அம்மாவுக்கே 18 ஆகியிருக்காது. அப்போது அவரும் சட்டப்படி குழந்தை. 1098, குழந்தைகள் நலக் குழு, போக்சோ மூன்றும் உள்ளே வரும். அதை மறைத்து அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் செய்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். நீங்கள் எதைத் தெரிவித்தாக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11. எப்போது டாக்டரிடம்

ஒரு மாதம் இவற்றைச் செய்தும் தூக்கம், சாப்பாடு, பேச்சு திரும்பாவிட்டால், அல்லது குழந்தை தன்னையே அடித்துக்கொண்டால், சாவதைப் பற்றிப் பேசினால், கற்ற பேச்சை அறவே இழந்தால் காத்திராதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போகலாம். நோட்டில் குறித்த தேதிகளைக் கொண்டுபோங்கள், "சரியா சாப்பிடறதில்ல" என்பதைவிட அது டாக்டருக்கு உதவும். பேய் பிடித்தது, பயந்த கோளாறு என்று மந்திரிக்கப் போவார்கள். தடுத்துச் சண்டை போட வேண்டாம். அடிக்காமல், பட்டினி போடாமல், சூடு வைக்காமல் இருந்தால் கயிறு கட்டிக்கொண்டு டாக்டரிடமும் வரட்டும்.

12. ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும்போது

தேறி வந்த குழந்தை மறுபடி ஆடிப்போவது பெரும்பாலும் இங்கேதான். புது இடம், புது முகம், பெரிய பிள்ளைகளின் சத்தம். பள்ளி திறப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை கூட்டிப்போய்க் கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, தன் இடம் எங்கே என்று காட்டுங்கள். அம்மாவின் சம்மதத்தோடு வகுப்பு ஆசிரியரிடம் மூன்று செய்தி மட்டும்: சத்தமாகக் கூப்பிட்டால் உறைந்துவிடும், வாசல் தெரியுமாறு உட்கார வையுங்கள், களி ஊதும் மூச்சு தெரியும். வீட்டுக் கதையைச் சொல்லத் தேவையில்லை. அது ஆசிரியர் அறைப் பேச்சாகி, பிள்ளையின் காதுக்கே திரும்பி வரும். முதல் மாதம் வாரம் ஒருமுறை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள், எந்தக் கிழமை வருவீர்கள் என்று குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.